இந்த வருஷத்துக் கார்டு

மூன்றாவது பாக்கெட்டிலும் அவன் இல்லை.

சார்ஜண்ட் உதட்டைப் பிதுக்கினார். சலவைக் கவுன்ட்டரின் மேல் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட கார்டுகள் சிதறிக் கிடந்தன. பிரிக்காமல் மிச்சமிருந்தது ஒரே ஒரு பாக்கெட்.

அம்மையப்பன் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றார். கை ஈரமாகவே இல்லை.

"பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற மாதிரியில்ல நிக்கிறீங்க" என்றான் கலீல் ரஹ்மான்.

அவர் கண் அந்தப் பாக்கெட்டிலேயே இருந்தது.

குவைத்தில், அமெரிக்கப் படைமுகாமுக்குள் இருந்த சலவைக் கூடத்தில் இருவருக்கும் வேலை. சிப்பாய்களின் துணிமூட்டையை வாங்கி, எண் கட்டி, மெஷினுக்குப் போகுமுன் ஒவ்வொரு சட்டைப் பையையும் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். சாவியோ கடிதமோ, எது கிடைத்தாலும் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூட்டையோடு பின் குத்தித் திருப்பித் தந்துவிட வேண்டும்.

நான்கு வருஷத்துக்கு முன் அப்படி ஒரு சட்டைப் பையிலிருந்துதான் முதல் கார்டு வந்தது. அதைப் பார்த்த அம்மையப்பன் அதை மட்டும் உறையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். மறுநாள் மூட்டையை வாங்க வந்த சிப்பாயிடம், இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று சைகையில் கேட்டார். அவர் யாரிடமும் எதையும் கேட்டு கலீல் அதற்கு முன் பார்த்ததில்லை.

சிப்பாய்கள் வருஷா வருஷம் மாறுவார்கள். போகிறவன் வருகிறவனிடம் சொல்லிவிட்டுப் போவான்: சலவைக்காரருக்கு இந்த ஒரு ஆட்டக்காரன். அமெரிக்காவிலிருந்து யாருக்குப் பார்சல் வந்தாலும் கார்டு பாக்கெட்டுகளை மட்டும் இந்தக் கவுன்ட்டரில் வந்துதான் பிரிப்பார்கள்.

பேஸ்பாலில் அம்மையப்பனுக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. அவன் அடிக்கிறவனா, எறிகிறவனா என்று கேட்டதில்லை. கார்டின் பின்பக்கம் நிறைய எண்கள் இருக்கும்; திருப்பிப் பார்த்ததில்லை. அவனுடைய நீளமான பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "வந்தானா?" என்றுதான் கேட்பார்.

ஒருமுறை ஒரு சிப்பாய் பெரிய பெரிய ஆட்டக்காரர்களின் கார்டுகளை ஒரு கட்டாகவே நீட்டினான். வேண்டாமென்றுவிட்டார். இன்னொருமுறை அவனுடைய கார்டே வந்தது, ஓரமெல்லாம் தங்க நிறம். மட்டையைச் சுழற்றும்போது எடுத்த படம், தோள் முகத்தை மறைத்திருந்தது.

"ஃபேஸ் மாஃபி, சார்" என்று பாதி அரபியில், முகமில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

வருஷத்துக்கு ஒன்று. முகம் தெரிய வேண்டும். அவ்வளவுதான் அவர் கணக்கு.

அவன் ஏதோ ஒரு தீவில் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவன் என்று சார்ஜண்ட் சொன்னபோது அம்மையப்பன், தெரிந்த செய்தியைக் கேட்டவர் போலத் தலையாட்டினார். போன கோடையில் அவன் முழங்கால் போய்விட்டது, இனி ஆடாவிட்டால் கார்டும் வராது என்று சொன்னபோதுதான், கலீல் அதைத் தமிழில் சொல்லி முடிக்குமுன், சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தார்.

சார்ஜண்ட் கடைசிப் பாக்கெட்டைக் கிழித்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொன்றாகக் கவுன்ட்டரில் வைத்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். பிறகு ஒரு கார்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

கலீல் எட்டிப் பார்த்தான். தாடி வைத்த கறுத்த பையன், தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறான். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அம்மையப்பனைப் பார்த்தான்.

கலீலின் ஊரான கீழக்கரையில், பெருநாள் பிறையை முதலில் கண்டுவிட்டவர்களின் முகம் அப்படி இருக்கும்.

சலவைக் கூடத்து மெஷின்கள் உருண்டுகொண்டே இருந்தன. சார்ஜண்ட் வழக்கம்போல ஒரு தாளில் 'இது நான் கொடுத்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அந்தச் சீட்டு இல்லாமல் ஒரு குண்டூசியைக்கூட வாசலைத் தாண்டிக் கொண்டுபோக முடியாது.

மூன்று மணிக்கு டூட்டி முடிந்தது. வாசலில் சீட்டைக் காட்டி, காலையில் ஒப்படைத்த கைப்பேசிகளை வாங்கிக்கொண்டு ரூம் இருந்த மங்காஃபுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார்கள்.

அம்மையப்பன் சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் தாளை எடுத்து மடியில் விரித்தார். சின்னச் சின்ன உறைகள் தைத்த தாள். அதை முழுசாகக் கலீல் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அரும்பு மீசை. அடுத்ததில் மீசை தடித்திருந்தது. அடுத்ததில் தாடை அகன்றிருந்தது. அதற்கடுத்ததில் கழுத்து கனத்திருந்தது. ஐந்தாவது உறையில் இன்றையதைச் செருகினார்.

முதல் கார்டுக்கும் முன்னால் இன்னோர் உறை இருந்தது. அதில் கார்டு இல்லை. பள்ளிக்கூட ஹால் டிக்கெட்டிலிருந்து உரித்த பாஸ்போர்ட் அளவுப் படம். தோளின் மேல் முத்திரையின் பாதி வட்டம். வெயிலுக்குச் சுருங்கிய அதே கண். அதே சிரிப்பு.

கலீல் அந்தப் படத்தையும் இன்றைய கார்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

நாகப்பட்டினத்தில் கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பரில் அண்ணன் மகன் விமல் போனதும், அவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதும் ரூமில் எல்லோருக்கும் தெரியும். படத்தை யாரும் பார்த்ததில்லை. முதல் கார்டு வந்தது அடுத்த மார்ச்சில்.

அம்மையப்பன் அதற்குள் ஊருக்கு லைன் போட்டிருந்தார்.

"ராக்கம்மா, வந்துட்டான். தாடி விட்டுருக்கான்."

மறுமுனையில் அவர் மனைவியின் குரல் கலீலுக்கும் கேட்டது.

"எளச்சிருக்கானா?"

அவர் கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, நிதானமாகப் பார்த்தார்.

"இல்ல புள்ள, ஒடம்பு வச்சிருக்கான். எங்கண்ணன் ஜாட வந்துருச்சு."