உள்ளே வளையல் சத்தம்

"குப்பை. தள்ளு" என்றார் சந்தானம்.

அனுராதாவுக்குப் புரியவில்லை. தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் போட்டிக்கு வந்ததிலேயே அதுதான் கவிதை. மற்றதெல்லாம் கரும்பும் பானையும். இன்னொரு முறை படித்தாள்.

வெளியே பூட்டு.
உள்ளே வளையல் சத்தம்.
நான் தனி ஆள்.
உலையில் இரண்டு பேருக்கு அரிசி.

"என்ன சார் குறை? தனிமையையே ஒரு தோழியாக்கிட்டாங்க. உருவகம். பூட்டின வீட்டில் வளையல் சத்தம், முரண். நாலு வரியில் ரெண்டு."

"எதுகை இல்லை."

"நீங்க முதல் பரிசு போட்ட பசுமாட்டுக் கவிதையில் மட்டும் இருக்கா?"

"மாடு இருக்கு."

நடுவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். கொல்கத்தா லேக் மார்க்கெட் வாடகை ஹாலில் கூட்டம் முடிவுக்குக் காத்திருந்தது. முதல் பரிசுக்காரர் மேடையேறித் தன் கவிதையைப் படித்து, என்ன அணி, எதை மனசில் வைத்து எழுதினது என்று விளக்க வேண்டும். சங்கத்து வழக்கம்.

எழுதியவள் கிருஷ்ணம்மாள். விதவை. பெஹாலாவில் ஒற்றை அறை, நர்சிங் ஹோமில் ஆயா வேலை. வருஷா வருஷம் எழுதுகிறாள். ஆறுதல் பரிசுகூட வந்ததில்லை.

கூட்டத்தில் வரிசை வரிசையாக விசாரித்துக்கொண்டிருந்த உத்தமன் நடுவர் மேஜைக்கு வந்தான். கையில் போட்டோ. கண் சிவந்திருந்தது.

"மேடம், மைக்கில் ஒரு தரம் சொல்லுங்களேன். என் பெண்டாட்டி ஜெயப்ரியா. பொங்கலுக்கு முன்னாடியே வீட்டை விட்டுப் போனவ. யாராவது பார்த்தீங்களான்னு."

சந்தானம் கவிதைத் தாளைக் கவிழ்த்து, அதன்மேல் டீ கிளாஸை வைத்தார்.

"சொல்றோம். போ."

அவன் அடுத்த வரிசைக்குப் போனான்.

"பாவம் சார்" என்றாள் அனுராதா. கிளாஸை நகர்த்தித் தாளை எடுத்தாள். "இதுக்குத்தான் முதல் பரிசு. நான் அறிவிக்கப் போறேன்."

சந்தானம் தாளைப் பிடுங்கினார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இந்த மனுஷருக்கு என்ன ஆயிற்று? பொறாமையா? ஒரு ஆயா இப்படி எழுதிவிட்டாளே என்றா?

அனுராதா கிருஷ்ணம்மாளைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்களே இவர்கிட்ட சொல்லுங்க. அந்த வளையல் சத்தம், தனிமைதானே?"

கிருஷ்ணம்மாள் மேஜைக்கு வந்தாள். தன் வெறுங்கையைப் பார்த்தாள். ஹாலில் போட்டோவோடு நடப்பவனைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"கவிதைன்னா யாருக்கும் புரியாதுன்னு நினைச்சேன்மா."

அனுராதா விழித்தாள்.

"அதில் அணியே இல்லை" என்றார் சந்தானம், குரலைத் தாழ்த்தி. "தீபாவளிக் கூட்டத்துக்கு அந்தப் பொண்ணு ஜெயப்ரியா உதட்டில் தையலோட வந்தா. நீ கவனிக்கலை. போ, மாட்டுக்குப் பரிசைக் கொடு."