மூன்றாம் மாடிப் பின்கதவு

போதகர் ஜெபப் பெட்டியைக் கவிழ்த்ததும் சீட்டுகள் மேசையெங்கும் சிதறின. அவற்றை அடுக்கி எடுத்துக்கொண்டு ஒலிபெருக்கி முன் வந்து நின்றாள் மைக் அக்கா.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் சபையாரின் ஜெபக் குறிப்புகளை வாசிக்கிறாளே, அதனால் இந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தடுமாறாமல், குரல் கம்மாமல் வாசிப்பாள்.

சீட்டில் யாரும் பெயர் எழுதக் கூடாது என்பது சபையின் வழக்கம். எழுதாவிட்டால் மட்டும் தெரியாதா என்ன? நாள்காட்டித் தாளின் பின்புறம் எழுதுகிறவர் ஓய்வுபெற்ற தபால்காரர். மருந்துக் கடை உறையைக் கிழித்து எழுதுவது முட்டிவலிப் பெரியம்மா. பக்கத்து வீட்டு நாய்க்கு நல்ல புத்தி கொடும் என்று மாதம் தவறாமல் கேட்கிறவர் யாரென்பது அந்த நாய்க்கே தெரியும்.

யாருடையது என்று பிடிபடாத சீட்டு ஒன்றே ஒன்றுதான். மஞ்சள் தாள். கோணல்மாணலான எழுத்து.

"எங்கள் தையல் கம்பெனியில் மூன்றாம் மாடிப் பின்கதவை வேலை நேரத்தில் பூட்டி வைக்கிறார்கள். உள்ளே முப்பத்தெட்டுப் பேர். முன்படியில் தீப்பிடித்தால் வெளியே வர வேறு வழியில்லை. கதவு திறக்க ஜெபியுங்கள்."

மூன்று வாரம் அது வந்தது. மூன்று வாரமும் சபையார் உருகி உருகி ஜெபித்தார்கள். வேதாகமத்தில் சிறைக்கதவு தானாகத் திறந்த சம்பவத்தைப் போதகர் பிரசங்கித்தார். பெண்கள் சங்கத்தார் வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தார்கள். எந்தக் கம்பெனி என்று விசாரித்து நேரில் போய்க் கேட்கலாமே என்று எழுந்து சொன்னார் ஒரு பேருந்து ஓட்டுநர். கோயிலுக்குள் ஊர்வம்பு எதற்கு என்று அவரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

வாசித்து முடித்த சீட்டுகளை வாசல் பலகையில் குத்தி வைப்பார்கள், போகிற வருகிறவர்கள் வாரம் முழுவதும் ஜெபிக்கட்டும் என்று. மஞ்சள் சீட்டுகள் மூன்றும் அங்கே வரிசையாகத் தொங்கின. கதவு அசைந்தபாடில்லை.

அதை வாசித்த ஒவ்வொரு முறையும் மைக் அக்கா தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். இளகிய மனசு, பாவம் என்று பேசிக்கொண்டார்கள்.

இந்த வாரம் மஞ்சள் சீட்டு வராது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

வந்திருந்தது. அடுக்கின் அடியில் கிடந்தது. கோணல் எழுத்து இல்லை, உருண்டை உருண்டையான எழுத்து.

"கதவுக்காக இத்தனை நாள் ஜெபித்தீர்கள், நன்றி" என்று முதல் வரியை வாசித்தாள்.

கதவு திறந்துவிட்டது என்றே சபை நினைத்துக்கொண்டது. ஸ்தோத்திரம் என்றார் ஒருவர். பின்னால் யாரோ கைதட்டினார்கள்.

அதற்குள் அடுத்த வரி அவள் கண்ணில் பட்டுவிட்டது.

சீட்டை மடித்துவிட்டால் போதும், ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. வீட்டில் இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிறார் கணவர். மகளுக்குக் கல்லூரி முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. வேலை போனால் எல்லாம் போச்சு. அவளுக்குப் பயமாக இருந்தது, வேறொன்றுமில்லை, வெறும் பயம்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் ஏழு மாத வயிற்றின்மேல் கைவைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலர் தைக்கிறவள். மூன்றாம் மாடியில், சுவரோரம் நான்காவது மிஷின். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருக்கலாம். அவள் கோபமாகப் பார்க்கவில்லை.

மைக் அக்கா வாசித்தாள். பதினோரு வருடத்தில் முதல்முறையாகக் குரல் நடுங்கியது.

"இனிக் கதவுக்காக ஜெபிக்க வேண்டாம். அதன் சாவியை வைத்திருக்கும் எங்கள் சூப்பர்வைசர் அக்காவுக்காக ஜெபியுங்கள். அவரும் பயந்துதான் இருக்கிறார். அவருக்குத் தைரியம் கிடைக்கட்டும்."

ஆண்டவரே, கேட்டருளும் என்றது சபை, பழக்கதோஷத்தில்.

அவள் கைப்பையைத் திறந்து ஒரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அந்தச் சின்னச் சத்தம் ஒலிபெருக்கி வழியாக மண்டபம் முழுக்கக் கேட்டது.

"சாவி எங்கிட்டதான் இருக்கு. நாளைக்குக் காலையில முதல் வேலையா திறந்துடுறேன், இனிமே யார் சொன்னாலும் பூட்ட மாட்டேன். ஆனா தனியா நிக்க பயமா இருக்கு, யாராவது கூட வந்தா தேவலை."

போதகர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேருந்து ஓட்டுநர் எழுந்தார். இந்த முறை அவரை யாரும் உட்கார வைக்கவில்லை.

"எத்தனை மணிக்கும்மா வரணும்?"

எட்டு என்று விரலால் காட்டினாள். கையிலிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

வெட்டிய துணிக்கட்டுகளோடு கட்டி அனுப்பும் மஞ்சள் சீட்டு. நாளெல்லாம் காலர் தைக்கிறவள் கையில் இதுபோல் ஐம்பது வந்து போகும்; வாசல் பலகையில் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்திருக்கும். எழுதாத தாளுள்ள அந்தச் சீட்டுப் புத்தகம் மட்டும் மூன்றாம் மாடியில் சூப்பர்வைசர் ஒருத்தியிடம்தான் இருக்கும்.

அதிலிருந்து கிழித்துத்தான், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முதல் மூன்று சீட்டுகளையும் இடது கையால் எழுதியிருந்தாள் மைக் அக்கா. எழுத்தை மறைக்கத் தெரிந்தவளுக்குத் தாளை மாற்றத் தோன்றவில்லை.