சுண்ணாம்புக் கோடு

தலைவர் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் ஆணையிடுவார். வாசலில் ஊரார் கூடிப் போட்ட சுண்ணாம்புக் கோடு ஒன்று உண்டு. சாயங்காலம் அவருடைய நிழல் நீண்டு அந்தக் கோட்டைத் தொட்டதும், அமிர்தவல்லி “போதும் ஐயா” என்பாள். எப்பேர்ப்பட்ட தலைவரும் உடனே எழுந்துவிட வேண்டும். அதைச் சொல்வதற்கென்றே ஊர் அவளை நிறுத்தியிருந்தது.

இந்தத் தலைவருக்கு அது பொறுக்கவில்லை. “ஒரு கோடு என்னை எழுப்புவதா?” என்று கேட்டு, ஒருநாள் அதைக் கழுவிவிடச் சொன்னார். கழுவினார்கள். யாரும் வாய் திறக்கவில்லை, அவளும்தான்.

அன்றைக்கு நிழல் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது. அது ஏறிய வீடுகளில் ஒவ்வொன்றாகப் பேச்சு நின்றது. தலைவர் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அலுத்துப்போய் எழுந்தார்.

நிழல் எழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே நீண்டுகொண்டு போனது. தெருவை முடித்துவிட்டு, மெல்லத் திரும்பி வந்து அவருடைய பாதத்தில் ஏறியது.

“அமிர்தம், போதும்னு சொல்லும்மா!”

“எதைத் தாண்டிடுச்சுன்னு சொல்றது ஐயா? கோடுதான் இல்லையே.”

தலைவர் மண்டியிட்டு, விரலால் தரையில் ஒரு கோடு கிழித்தார். நிழலின் இருட்டில் அது அவர் கண்ணுக்கே தெரியவில்லை.