லீவு தராத முதலாளி

"இந்தத் தடவையும் லீவு கிடைக்கலை மேடம்."

ஒருங்கிணைப்பாளருக்கு ஆயாசமாக வந்தது. வேலைக்கும் போய்க்கொண்டு, மாலையில் படிக்கவும் வரும் குடும்பஸ்தர்களுக்கு ஒத்தாசையாக இருப்பதுதான் அந்தத் தொழிற்கல்லூரியில் அவள் உத்தியோகம். எதிரே பிடரியைத் தடவிக்கொண்டு நின்றவருக்கு நாற்பத்தெட்டு வயது. லேத் பட்டறையில் வேலை. கம்ப்யூட்டர் லேத் வகுப்புக்கு ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை. பயிற்சிக் கூடத்தில் மிஷின் அவர் சொன்னபடி கேட்கும். எழுத்துத் தேர்வு என்றால் மட்டும் ஆளைக் காணோம்.

"ரெண்டு மணி நேரப் பரீட்சைண்ணே. அதுக்குக்கூடவா விட மாட்டாரு உங்க முதலாளி?"

"என்ன சொன்னாலும் அசைய மாட்டேங்கிறாரு மேடம்."

அவள் செய்யாத ஏற்பாடில்லை. முதல் தடவை கல்லூரி முத்திரை குத்திக் கடிதம் கொடுத்தனுப்பினாள். முதலாளி படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டாராம். அடுத்த தடவை முதல்வரிடம் கெஞ்சிக் கூத்தாடி, தேர்வை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி வாங்கினாள். அன்றைக்குப் பார்த்து அவசர வேலை வந்துவிட்டதாம். போன் நம்பர் கேட்டால், முதலாளிக்குப் போனில் பேசினால் பிடிக்காதாம்.

"வர்ற வியாழக்கிழமைதான் கடைசி வாய்ப்பு. விட்டா ஒரு வருஷப் படிப்பும் வீண். நானே வந்து அவர்கிட்ட பேசறேன்."

அவர் முகம் வெளிறிப்போயிற்று. அதெல்லாம் வேண்டாம், தானே எப்படியாவது சரிக்கட்டிவிடுவதாகச் சொன்னார். சரிக்கட்டிக் கிழித்தார் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை விண்ணப்பத்திலிருந்த முகவரியை விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். தகரக் கூரை, வரிசையாக ஆறு மிஷின்கள், காலடியில் சுருள் சுருளாக இரும்புச் சீவல். இந்த வயதில் முன்னேற நினைக்கிற ஒரு மனுஷனை அமுக்கி வைக்கிறவரெல்லாம் ஒரு முதலாளியா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் திரும்புவதில்லை என்றிருந்தாள்.

முன்னறையில் இருந்த பெண்ணிடம், முதலாளியைப் பார்க்க வேண்டும், இப்போதே பார்க்க வேண்டும் என்றாள். மிஷின் இரைச்சலில் அந்தப் பெண்ணும் கத்தித்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"அவர் என்னைக்கு ரூம்ல உட்கார்ந்தாரு? அதோ, கடைசி மிஷின்ல நிக்கிறாரே, அவர்தான்."

அவள் விடுவிடுவென்று நடந்தாள். கடைசி மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பியவர், கையிலிருந்த எண்ணெய்த் துணியோடு அப்படியே நின்றுவிட்டார். அவளுடைய மாணவர்.

"ஃபெயிலாயிட்டா, இந்தப் பட்டறையில ஒருத்தன் மதிக்க மாட்டான் மேடம்," என்று முணுமுணுத்தார்.

"வியாழக்கிழமை இவருக்கு ரெண்டு மணி நேரம் லீவு வேணும் முதலாளி," என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.