வெளியே போகும் குளிர்

வீட்டில் ஏசி வாங்கலாமா என்ற பேச்சு காதில் விழுந்ததிலிருந்து ஏர்கூலருக்கு நிம்மதி இல்லை. இன்று மதியம் வீட்டுக்காரர் நவநீதத்துக்குத் தூக்கம் வராவிட்டால் தன்னைப் பரணில் ஏற்றிவிடுவார் என்று அது நடுங்கியது. எதிரே ஜன்னல் அகலத் திறந்திருந்தது.

"ஏம்மா, நான் உயிரைக் கொடுத்து ஊதுறேன். நீ எல்லாத்தையும் தெருவுக்கு விடுறியே! சாத்திக்கோ."

"ஈரம் வெளியே போக வழி வேணாமா அண்ணே?" என்றது ஜன்னல்.

"ஏசி வந்தா முதல்ல உன்னைத்தான் ஆணி அடிச்சு மூடுவாங்க."

ஜன்னல் பயந்துபோய்ச் சாத்திக்கொண்டது. கூலர் இன்னும் நிறையத் தண்ணீரை இழுத்து ஊதியது. கொஞ்ச நேரத்தில் தலையணை பிசுபிசுத்தது, நவநீதத்தின் முதுகில் பனியன் ஒட்டிக்கொண்டது. அவர் எழுந்து கூலரையே முறைத்தார். கூலருக்கு மோட்டாரே நின்றுவிடும்போல் இருந்தது.

என்ன தோன்றியதோ, ஜன்னலைத் திறந்துவிட்டுப் படுத்தார். கால் மணி நேரத்தில் பனியன் உலர்ந்தது. குறட்டை கேட்டது.

கூலர் பெருமூச்சு விட்டது.

"பார்த்தியா? நீ இவ்வளவு வெளியே விட்டும் தூங்க வெச்சுட்டேன். நாளைக்கு என்ன ஆகுமோ தெரியல. காலையிலேயே சாத்திக்கோ, உனக்குப் புண்ணியமாப் போகும்."