இரண்டாவது டிஸ்க்

கம்ப்யூட்டர் கேபினெட்டின் மூடியைக் கழற்றித் தரையில் வைத்தார் அவர். உள்ளே நல்ல தூசி. குனிந்து வாயால் ஊதினார். எல்லாம் அவர் கண்ணிலேயே விழுந்தது.

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் இல்லை.

அவள் கையில் ஹார்ட் டிஸ்க் இருந்தது. அதற்குள்தான் அவளுடைய பிழைப்பு. மெஷின் எம்ப்ராய்டரிக்கு அவள் வரைந்த டிசைன்கள் அத்தனையும். கோபி ஊரில் பாதிக் கல்யாணங்களில் மணப்பெண்ணின் ஜாக்கெட் முதுகில் இருப்பது அவள் போட்ட மயில்.

வேறு எங்கும் பிரதி கிடையாது. எடுத்து வைக்கச் சொல்லாதவர்கள் இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்றே வருடங்கள் போய்விட்டன.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுடைய கம்ப்யூட்டரும் டெம்போவில் வந்தது. வேகத்தடைக்கு வேகத்தடை குதித்து வந்து, வந்த இடத்தில் கண்ணே திறக்கவில்லை. டிஸ்க்காவது பிழைத்ததா என்று அவருடைய கம்ப்யூட்டரில் மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

"எனக்குக் கழட்டத் தெரியுங்க," என்றாள். "மாட்டத்தான் தெரியாது."

உண்மைதான். முதல் கணவனின் வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று, அவன் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவன் கம்ப்யூட்டரிலிருந்து இதைக் கழற்றிச் சேலைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு வந்தவள் அவள். கம்ப்யூட்டர் பெட்டி அவனுடையது. டிசைன் அவளுடையது. பிறகு வாங்கிய பழைய பெட்டியில் கடைக்காரர் மாட்டிக் கொடுத்தார்.

இவர் பெண் பார்க்க வந்த அன்றே இதைச் சொல்லிவிட்டாள். "நல்ல காரியம் பண்ணுனீங்க" என்று சொல்லி இன்னொரு வாய் காபி குடித்தார். அதற்கப்புறம்தான் அவளுக்கு இந்தக் கல்யாணம் சரி என்று பட்டது.

அவர் விதைக்கடைக்காரர். கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறப்பது இதுதான் முதல் தடவை. செல்போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். வீடியோக்காரன் சொன்னபடியே கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, கோயிலுக்குள் நுழைகிறவர் மாதிரி உள்ளே கைவிட்டார்.

மெல்லிய சிவப்பு ஒயர். ஒரு முனை மதர்போர்டில். மறு முனை டிஸ்க்கில்.

கரண்டுக்கு இன்னொரு ஒயர். அது ஏறவில்லை.

அவர் அழுத்தவில்லை. வெளியே எடுத்தார், திருப்பிப் பார்த்தார், மெதுவாக ஏற்றினார்.

அந்த நிதானத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

டிஸ்க்கைக் கேபினெட்டுக்குள் காலியாக இருந்த தட்டில் செருகினார். சுவிட்சைப் போட்டார்.

விசிறி சுற்றியது.

திரையில் வெளிச்சம் வந்தது. பிறகு ஒரு பெயர் வந்தது.

ஞானசேகர்.

முதல் கணவனின் பெயர். மாற்றப்போய் டிசைனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து அவள் தொடாமலே விட்ட பெயர். பிரிந்து வந்த பிறகும் தினமும் காலையில் இந்தப் பெயருக்குக் கீழே பாஸ்வேர்டு அடித்துத்தான் வேலையைத் தொடங்குவாள்.

அந்தப் பெயரைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டது இன்றைக்குத்தான். டிஸ்க் பிழைத்துவிட்டது.

உடனே கூச்சம் பிடுங்கித் தின்றது. புது வீட்டின் நடுக்கூடத்தில், இவருடைய திரையில், அவன்.

அந்தப் பெயரை அவர் படித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"டிஸ்க்கு நல்லா இருக்குதுங்க," என்றார். "ஆனா கம்ப்யூட்டரு அதுல இருந்து கிளம்பிருச்சு. இங்க இருக்கற டிஸ்க்குல இருந்துதான் கிளம்போணும்."

அவ்வளவுதான் சொன்னார்.

அணைத்துவிட்டு மறுபடியும் போட்டார். வீடியோவில் காட்டியபடி டெலிட் பொத்தானை விடாமல் தட்டினார். நீலநிறப் பக்கம் ஒன்று திறந்தது. எந்த டிஸ்க் முதலில் எழுந்திருக்க வேண்டும் என்ற வரிசை அதில் இருந்தது. தன்னுடையதை மேலே ஏற்றினார்.

இந்தத் தடவை அவருடைய திரை வந்தது. பூத்து நிற்கிற ஒரு சூரியகாந்திக் காடு. உள்ளே போய்ப் பார்த்தால் அவளுடைய டிஸ்க் பெயரில்லாமல் நின்றிருந்தது. ஒரு பெயர் வைக்கச் சொல்லி விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினார்.

யோசிக்காமல் அடித்தாள்.

ஜாக்கெட்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திறந்தாள். மயில், மாங்காய், அன்னம், சம்பங்கிக் கொடி. ஒன்றும் போகவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, எது யார் கல்யாணத்துக்குப் போட்டது என்று கேட்டுக்கொண்டார்.

பிறகு கம்ப்யூட்டரை அணைத்தார். மூடியைக் கையில் எடுத்தார்.

"டிஸ்க்குக்கு ஸ்க்ரூ போடலீங்க," என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க சாமான். எப்ப வேணும்னாலும் நீங்க எடுத்துட்டுப் போறாப்பல இருக்கட்டும்."

இவ்வளவு வயதுக்கு அவளிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை.

ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டாள். கிண்ணத்தில் கிடந்த ஸ்க்ரூக்களில் அளவு சரியாக இருந்தவற்றைத் தேடி எடுத்தாள். எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்பதில் சின்னக் குழப்பம். முதலில் தவறாகச் சுற்றினாள். பிறகு கைக்குப் பிடிபட்டது.

முன்னால் ஒன்று. பின்னால் ஒன்று.

டிஸ்க்கின் மறுபக்கத்திலும் இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகள் உண்டு; கடைக்காரர்கள் இதோடு விட்டுவிடுவார்கள். இதற்குமேல் தேவையும் இல்லை.

அவர் மூடியைப் பொருத்தக் குனிந்தார்.

"இருங்க," என்றாள். "அந்தப் பக்கத்து மூடியவும் கழட்டுங்க."