மூன்றாவது எண்

"ஒரு காரைச் சுத்திப் பாக்கிறதுக்கு நூறு பவுணே? டொக்டர்கூட இவ்வளவு கேக்கமாட்டார்," என்று கலாவதி கணவனின் காதுக்குள் முணுமுணுத்தாள்.

"சும்மா இரும். அமெரிக்கக் கார் வாங்கிற வெள்ளைக்காரரே சவிரிமுத்து அண்ணையைத்தான் தேடி வருகினம்," என்றான் யோகலிங்கம்.

லண்டனை அடுத்த ரொம்ஃபோர்டில், காரை விற்கவிருந்த ஹாரிஸ் என்ற முதியவரின் வீட்டுக் கராஜில் சவிரிமுத்துவோடு அவர்கள் நின்றார்கள். முன்னால் சிவப்பு நிறத்தில் ஒரு ஷெவெல் எஸ்.எஸ். 1967ஆம் ஆண்டுக் கார். ஹாரிஸ் சாவியைத் திருப்பியதும் சீமெந்துத் தரை அதிர்ந்தது. அந்த அதிர்வு யோகலிங்கத்தின் நெஞ்சு வரைக்கும் ஏறியது.

லண்டனுக்கு வந்த முதல் மாதம், அவன் வேலை செய்த பெற்றோல் ஷெட்டுக்குள் இப்படி ஒன்று வந்து நின்றிருந்தது. அன்று பிடித்த பைத்தியம். பகலில் தபால் கந்தோர், பின்னேரம் பெற்றோல் ஷெட் என்று எட்டு வருஷம் சேர்த்த பதினாலாயிரம் பவுண் இப்போது வங்கியில் இருக்கிறது.

சவிரிமுத்து எஞ்சினை நிறுத்தச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு முன்பக்கத் தகரத்தை விரல்களால் தடவினார்.

"இந்தப் பக்கம் ஒருக்கா அடிபட்டிருக்கு." யோகலிங்கம் அதை ஹாரிசுக்கு ஆங்கிலத்தில் சொன்னான்.

"நான் வாங்குவதற்கு முன்பு நடந்தது. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் ஹாரிஸ்.

சவிரிமுத்து ரோர்ச் லைட்டோடு நிலத்தில் மல்லாந்து படுத்து காருக்குக் கீழே போனார். குரல் மட்டும் வந்தது.

"முதல் நிறம் கடும் நீலம். கன காலம் கடற்கரைப் பக்கம் நிண்டிருக்கு."

யோகலிங்கம் அதையும் ஆங்கிலத்தில் சொன்னதும், ஹாரிஸ் அவசரமாகப் பழைய கடதாசிக் கட்டைப் பிரித்தார். முதல் சொந்தக்காரர் துறைமுக ஊர்க்காரர். நிறம், நீலம். அவர் கடதாசியையும் காருக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த கால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

கலாவதி வாயைத் திறந்தபடி நின்றாள். நூறு பவுண் மறந்துபோயிருந்தது.

சவிரிமுத்து எழும்பி, சாரதிப் பக்கக் கதவைத் திறந்தார். கதவு பொருந்தும் தூணில் ஒரு சின்னத் தகடு.

"தம்பி, இதிலைதான் எல்லாம் இருக்கு. நூற்று முப்பத்தெட்டு எண்டு தொடங்கினால் கொம்பனியே பெரிய எஞ்சின் பூட்டி விட்ட அசல் எஸ்.எஸ். நூற்று முப்பத்தாறு எண்டால் சாதாரணக் கார். மூண்டிலை ஒரு பங்கு விலையும் பெறாது."

யோகலிங்கம் எட்டிப் பார்த்தான். ஒன்று, மூன்று, எட்டு. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

சவிரிமுத்து மூன்றாவது எண்ணில் பெருவிரலை வைத்தார். எடுக்கவில்லை. அப்படியே நின்றார். முகம் வெளிறிப் போனது. பிறகு கதவை மெதுவாகச் சாத்தினார்.

"வேண்டாம் தம்பி. வாங்கோ போவம்."

"என்ன அண்ணை?"

"இது நூற்று முப்பத்தாறாப் பிறந்த கார். எட்டு பிறகு வந்தது." அதையே ஹாரிசுக்கும் ஆங்கிலத்தில் சொன்னார்.

ஹாரிசின் முகம் சிவந்தது. "இரண்டு நிபுணர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இதோ அவர்கள் கையெழுத்து. உங்களிடம் என்ன ஆதாரம்?"

சவிரிமுத்து தலை குனிந்தார்.

"ஆதாரம் இல்லையா? ஐந்து வருஷத்துக்கு முன் நானும் என் சேமிப்பைக் கொடுத்துத்தான் இதை வாங்கினேன் ஐயா. பொய் சொல்லி விற்கிறவன் அல்ல நான்."

கலாவதிக்குக் கிழவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சவிரிமுத்துவைப் பார்க்க எரிச்சல் வந்தது.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு விளங்கேல்லையே? நாங்கள் விட்டிட்டுப் போனாப்பிறகு, இவர் தனிய வந்து அரை விலைக்கு வாங்கப்போறார். அதுக்குத்தான் இந்த நாடகம்."

"அப்பிடிச் சொல்லாதையும்," என்றான் யோகலிங்கம். ஆனால் அவனுக்கும் அந்தச் சந்தேகம் தட்டாமல் இல்லை. காரை ஒருதரம் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து செக் புத்தகத்தை எடுத்தான்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. ரண்டு பேர் ஓம் எண்டு எழுதித் தந்திருக்கினம். உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டு நீங்கள் சொல்லுறியள் இல்லை. நான் எழுதப்போறன்."

பேனை செக்கைத் தொட்டதும் சவிரிமுத்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். மறு கையால் நூறு பவுணை எடுத்துக் கலாவதியிடம் நீட்டினார்.

"பிடியுங்கோ தங்கச்சி. இனி ஒருத்தரும் என்னைக் கார் பாக்கக் கூப்பிட மாட்டினம். பரவாயில்லை."

பிறகு ஹாரிசுக்கு நேரே திரும்பி, அவருக்கும் விளங்க வேண்டுமென்று, ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் சொன்னார்.

"எண்பத்து நான்கில் நான் இந்த நாட்டுக்கு வந்த புதிது. வேலை செய்ய அனுமதி இல்லை. ரயில் பாலத்துக்குக் கீழே இருந்த ஒரு கராஜில் ஒளிந்து வேலை செய்தேன். அங்கே முதலாளி ஒரு சுத்தியலையும் எண் பொறிக்கும் அச்சையும் என்னிடம் தந்தார். எந்த நிபுணரும் கண்டுபிடிக்க முடியாதபடி இந்த ஆறை எட்டாக்கியது நான்தான்."